‘சூப்பர்’னு சொன்னா போதுமா சார்?

தமிழ்நாட்டில் இன்றைய தேதியில் மிக அதிகமாக எழுதப்படும் இசை விமர்சனம் எது தெரியுமோ? ஒரே ஒரு வார்த்தை. ‘சூப்பர்!’

கொஞ்சம் தாராள மனசுக்காரர் என்றால் ‘வேற லெவல்!’ என்பார். இன்னும் தாராளம் என்றால் வார்த்தையே கிடையாது. கைபேசியில் மூன்று நெருப்பு பொம்மையைத் தட்டி அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். அதைப் பார்த்தால் பாட்டு நன்றாக இருந்ததா, பந்தல் பற்றிக்கொண்டதா என்றே நமக்குச் சந்தேகம் வரும்.

எனக்கு இதில் ரொம்ப நாளாக ஒரு மனக்குறை. நான் பாடகன் இல்லை. ராகம் கண்டுபிடிக்கச் சொன்னால் நைஸாக எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். படித்தது பி.காம். ஆனால் ரசிகன். எங்கேயாவது மைக் டெஸ்ட்டிங் ‘ஒன் டூ த்ரீ’ கேட்டால் சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற ரகம். அதிலும் என் பைத்தியம் சினிமாப் பாட்டுக் கச்சேரி மேல் இல்லை. தாங்களே பாட்டெழுதி, தாங்களே மெட்டுக் கட்டி, தாங்களே மேடையேறிப் பாடுகிறார்களே பையன்களும் பெண்களும், அந்தக் கச்சேரி மேல். இங்கிலீஷில் இதற்கு ‘இண்டி’ என்று பேர்.

விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் நான் வழக்கமாக டீ குடிக்கிற கடைக்காரரிடம் இதைச் சொன்னேன்.

“இண்டியா? அது என்னா தம்பி, ஹிந்திப் பாட்டா?”

“இல்லண்ணே. இண்டிபெண்டன்ட். அதோட சுருக்கம்.”

“ஓ... சுயேச்சை!” என்றார். டீயை ஒரு முழ நீளத்துக்கு ஆற்றிக்கொண்டே கேட்டார்: “டெபாசிட் வருமா?”

முப்பது பக்கம் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாலும் இவ்வளவு கச்சிதமாக வராது. சினிமாப் பாட்டு கட்சி வேட்பாளர் மாதிரி. கொடி, தோரணம், போஸ்டர், தலைவர் படம் எல்லாம் மேலிடத்திலிருந்து வந்து இறங்கிவிடும். பாட்டு சுமாராக இருந்தாலும் ஹீரோ தூக்கிவிடுவார். சுயேச்சைப் பாட்டுக்காரன் தன் சின்னத்தைத் தானே தலையில் சுமந்துகொண்டு வீதி வீதியாகப் போக வேண்டும். ஜனங்களுக்கு அவன் முகமும் தெரியாது, மெட்டும் தெரியாது. போதாக்குறைக்கு மேடையேறியதும் கூட்டத்திலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும்: “தம்பி, சினிமாப் பாட்டு ஒண்ணு வுடு!”

புது ஆளுக்கு ஓட்டுப் போடுவது எங்கள் ஊருக்குப் புதுசு இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். 2006 சட்டமன்றத் தேர்தலில் தே.மு.தி.க. 232 தொகுதிகளில் நின்றது. ஜெயித்தது ஒன்றே ஒன்று. அது விருத்தாசலம், ஜெயித்தவர் விஜயகாந்த். ‘அவரும் சினிமாக்காரர்தானே சார்’ என்று குறுக்கே பேசாதீர்கள். எனக்கு உதாரணம் தேவைப்படுகிறது.

* * *

எங்கள் ஊரில் பாட்டுக்குப் பஞ்சம் கிடையாது. ‘காசிக்கு வீசம் பெரிசு விருத்தகாசி’ என்று பேர் வாங்கிய ஊர். பழமலைநாதர் கோயில் மாசி மகம் என்றால் மணிமுத்தாறு கரையில் நிற்க இடம் இருக்காது. திருவிழாக் காலத்தில் மெல்லிசைக் கச்சேரி. சுற்றுவட்டாரக் கிராமங்களில் விடிய விடியத் தெருக்கூத்து.

கூத்தில் ஒரு சௌகரியம் பாருங்கள். விமர்சகரை மேடையிலேயே வைத்திருக்கிறார்கள். கட்டியங்காரன்! ராஜா வேஷக்காரர் கிரீடமும் புஜக்கட்டையுமாக வந்து பெருமை பேசினால், பக்கத்தில் நின்றே வாரிவிடுவது அவன் வேலை. ராஜாவும் கோபித்துக்கொள்ள முடியாது. எந்தப் பத்திரிகை விமர்சகருக்கு இந்தச் சுதந்திரம் இருக்கிறது?

மெல்லிசைக் கச்சேரியிலும் ஒரு விமர்சன முறை உண்டு. அன்பளிப்பு. பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர், “மேலத்தெரு நண்பர்கள் சார்பாக ரூபாய் நூறு...” என்று முழங்குவார். ‘சூப்பரை’விட இது நேர்மையான விமர்சனம் என்பேன். சொந்தப் பாக்கெட்டிலிருந்து போகிறதே! ஒரே குறை, தெரிந்த பாட்டுக்குத்தான் ரூபாய் வரும். முதல் தடவை கேட்கிற பாட்டுக்கு யாரும் நோட்டை எடுப்பதில்லை.

அப்புறம் எங்கள் ஊர் விமர்சன முறை ஒன்று இருக்கிறது. அதுதான் எனக்குப் பிடித்தது. விருத்தாசலத்தில் கோயிலுக்கும் ஜங்ஷனுக்கும் அடுத்தபடி பெயர் பெற்றது பீங்கான். அதற்கென்றே தொழிற்பேட்டை, அதற்கென்றே படிப்பு சொல்லிக்கொடுக்க அரசாங்க நிறுவனம். பீங்கான் சாமான் வாங்குகிறவர் என்ன செய்வார்? ஜாடியை இடது கையில் ஏந்தி, வலது கை விரலால் விளிம்பில் ஒரு சுண்டு சுண்டுவார். ‘டிங்ங்’ என்று நீளமாக இழுத்தால் சரக்கு நன்றாக வெந்திருக்கிறது. ‘டொக்’ என்று செத்துப்போனால் எங்கோ கீறல் ஓடியிருக்கிறது, மேலே எத்தனை பளபளப்பு பூசியிருந்தாலும் சரி.

கவனியுங்கள். சுண்டுவது உடைப்பதற்காக இல்லை. தடவிக் கொடுப்பதும் இல்லை. சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பது. விமர்சனம் என்றால் இவ்வளவுதான் சார்!

* * *

நம் நேரடிக் கச்சேரிகளைப் பற்றி வருகிற விமர்சனங்களில் இந்தச் சுண்டல் இல்லை. (கடற்கரைக் கச்சேரியில் வேறு சுண்டல் கிடைக்கும், அது வேறு விஷயம்.) நான் படித்தவரையில் நாலு வகை.

முதல் வகை, பந்தல் விமர்சனம். கூட்டம் எத்தனை, எந்தப் பிரமுகர் முன்வரிசை, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, விளக்கு எப்படி, பார்க்கிங் எப்படி... எல்லாம் இருக்கும். பாட்டு மட்டும் இருக்காது. கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து பாயசத்தை மட்டும் வர்ணிக்கிற மாதிரி. பெண் யார், மாப்பிள்ளை யார் என்று கேட்டால் திருதிரு.

இரண்டாவது, உறவுமுறை விமர்சனம். ‘அந்த நாட்டுப் பேண்ட் மாதிரி ஆரம்பித்து இந்த நாட்டுப் பேண்ட் மாதிரி முடிகிறது’ என்று எழுதுவார்கள். பையன் ஜாடை அப்பாவா, தாய்மாமனா என்று தொட்டிலைச் சுற்றிப் பேசுகிற மாதிரி. பிள்ளைக்கென்று ஒரு முகம் இருக்காதா?

மூன்றாவது, கொள்கை விளக்க விமர்சனம். இதற்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் கச்சேரி நடந்தது. டைரக்டர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு. மேடையில் 19 பேர். அயோத்திதாசப் பண்டிதர் நூறு வருஷத்துக்கு முன்பு கையாண்ட ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்தான் இங்கிலீஷ் சட்டை போட்டுக்கொண்டு குழுவின் பேராகிவிட்டது. கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில். பறையும் சட்டியும் கட்டமோளமும் ஒருபக்கம், கிதாரும் டிரம்ஸும் ஒருபக்கம். சாவு வீட்டு வாசலோடு நின்றுபோன வாத்தியங்கள் என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்தவை, டிக்கெட் இல்லாத பெரிய மைதானத்தில் நடுநாயகமாக!

மறுநாளும் அதற்கு மறுநாளும் வந்ததையெல்லாம் தேடிப் படித்தேன். பாட்டு என்ன சொல்கிறது என்று விலாவாரியாக இருந்தது. சொல்லத்தான் வேண்டும், அது சாதாரண விஷயமா? ஆனால் பறை அடிக்கும்போது டிரம்ஸ்காரர் எப்படி ஒதுங்கி இடம் கொடுத்தார், கானாக் குரல் கிதாரோடு எங்கே ஒட்டியது, எங்கே முரண்டு பிடித்தது... இதைத் தேடிப் பார்த்தால் அகப்படவில்லை. ஒரு கொள்கைக்காக மேடையேறினவர்கள் என்பதாலேயே அவர்கள் வாசிப்பைப் பற்றிப் பேசாமல் விட்டால் அது மரியாதை இல்லை சார். பறை வாசிப்பவரின் கையைப் பற்றி நாலு வரி எழுதுவதுதான் அவருக்கு மரியாதை. மிருதங்கக்காரருக்கு அப்படித்தானே எழுதுகிறோம்?

நாலாவது வகை, கைபேசித் துண்டு. முப்பது வினாடி. அதில் இருபது வினாடி முன்னால் நிற்பவரின் பிடரி. பாக்கிப் பத்தில் படம் பிடித்தவரே கூடச் சேர்ந்து பாடியிருப்பார்.

* * *

பி.காம். படிப்பால் எனக்குக் கிடைத்த பலன்களில் ஒன்று, கணக்கு தணிக்கை பற்றித் தெரிந்துகொண்டது. கம்பெனிக் கணக்கைப் பார்க்கிற ஆடிட்டர் கடைசியில் ஒரு சர்ட்டிபிகேட் கொடுப்பார்: இந்தக் கணக்கு ‘உண்மையும் நியாயமுமான’ தோற்றத்தைக் காட்டுகிறது என்று. ‘கம்பெனி சூப்பர்’ என்று எந்த ஆடிட்டரும் எழுதுவதில்லை. எழுதினால் மறு வருஷம் அவர் கதி வேறே.

ஆடிட்டருக்கு இரண்டு நிபந்தனை. ஒன்று, வவுச்சரைப் பார்த்திருக்க வேண்டும். அதாவது, கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாவது பாட்டோடு பஸ் பிடித்தவர் எழுதக்கூடாது. இரண்டு, கம்பெனியோடு அவருக்குக் கொடுக்கல் வாங்கல் இருக்கக்கூடாது. கச்சேரிக்காரர் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து எழுதினால், எழுத்தில் கொஞ்சம் ஏலக்காய் வாசனை வரத்தான் செய்யும்.

இந்த இரண்டாவது நிபந்தனை எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பிரசித்தமான கேஸ் உண்டு. 1974 மே மாதம் ஹார்வர்டு ஸ்கொயர் தியேட்டரில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பாடினார். அதற்குள் இரண்டு ஆல்பம் போட்டிருந்தார். இரண்டும் பெரிதாகப் போணியாகவில்லை. ஜான் லாண்டாவ் என்ற விமர்சகர் அந்தக் கச்சேரியைக் கேட்டுவிட்டு, பாஸ்டன் பக்கத்து வாரப் பத்திரிகை ஒன்றில் எழுதினார்: ராக் இசையின் எதிர்காலத்தையே பார்த்துவிட்டதாக. ரெக்கார்டு கம்பெனி அந்த வரியைப் பிடித்துக்கொண்டு விளம்பரமாகப் போட்டது. 1975-ல் வந்த மூன்றாவது ஆல்பம் ‘பார்ன் டு ரன்’ மனுஷரை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. சின்னப் பத்திரிகையில் வந்த ஒரு விமர்சனம் செய்த வேலை!

சரி, விமர்சகர் என்ன ஆனார்? அந்த மூன்றாவது ஆல்பத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரானார். பிறகு ஸ்பிரிங்ஸ்டீனுக்கு மானேஜரே ஆகிவிட்டார். ஆடிட்டரை டைரக்டராகப் போட்ட கதை! அவரைக் குற்றம் சொல்லவில்லை. மானேஜரான பிறகு விமர்சனத்தை விட்டுவிட்டார் என்பதால் மன்னித்து விடலாம்.

* * *

‘அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கு விமர்சன மரபு கிடையாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1930-களில் ஆனந்த விகடனில் ‘ஆடல் பாடல்’ பகுதியை ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் எழுதியவர் கல்கி. சபா வாசலையே மிதிக்காதவர்கள்கூட அதைப் படித்துச் சிரித்தார்கள். நகைச்சுவையில் ஊசியை ஒளித்துவைத்திருப்பார். ஊசி குத்தினவர் காதுக்காரராக இருந்ததால் குத்தப்பட்டவரும் கவனித்துக் கொண்டார். கர்நாடக மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்று ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்ற இயக்கத்துக்கு அதே பேனாதான் தோள் கொடுத்தது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உருவானது. ‘தெரியாத பாட்டைப் பாடாதே, தெரிந்ததைப் பாடு’ என்பதற்கு எதிரான சண்டைதான் அதுவும். இன்றைய சுயேச்சைப் பையன்களின் சண்டைக்கு அது பெரியப்பா முறை.

அப்புறம் சுப்புடு. டெல்லியில் மத்திய அரசு உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் எழுதினவர். 2007-ல் காலமானார். அவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தால் பெரிய வித்வான்களுக்கே வியர்க்கும் என்பார்கள். அவர் எழுதியதில் எல்லாமே நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் திட்டு வாங்குவதற்காவது ஒரு காது எதிரில் இருந்தது. இன்றைக்கு விருத்தாசலத்துப் பக்கத்தில் சொந்தப் பாட்டுப் பாடுகிறவனுக்குத் திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

‘சின்ன ஊரில் உட்கார்ந்துகொண்டு என்ன சார் பண்ண முடியும்?’ இதற்கும் பதில் இருக்கிறது. இந்தியாவின் ராக் குழுக்களைப் பற்றியே எழுத ஆரம்பித்த ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ என்ற பத்திரிகை 1993-ல் எங்கே பிறந்தது தெரியுமா? பம்பாயா? இல்லை. கல்கத்தாவா, பெங்களூரா? இல்லை. அலகாபாத்! அமித் சைகலும் ஷீனா சைகலும் அங்கிருந்து நடத்தினார்கள். எந்த ஊரில் எந்தக் குழு, யார் கிதார், யார் டிரம்ஸ் என்று மற்ற ஊர்க்காரர்களுக்கு அந்தப் பத்திரிகைதான் சொல்லிற்று. காசிக்குப் பக்கத்து ஊரில் முடிந்தது விருத்தகாசியில் முடியாதா?

கூட்டம் குறைவு என்பதும் சாக்கு இல்லை. 1976 ஜூன் 4, இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரம். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற குழு கச்சேரி பண்ண வந்தது. ஹாலில் சுமார் 40 பேர். அந்த நாற்பதில்தான் பின்னாளில் ‘ஜாய் டிவிஷன்’ குழு ஆரம்பித்த பையன்கள் இருந்தார்கள். ‘ஸ்மித்ஸ்’ குழுவில் பாடிய மோரிஸ்ஸி இருந்தார். மோரிஸ்ஸி வீட்டுக்குப் போய் அந்தக் கச்சேரியைப் பற்றி ஒரு பத்திரிகைக்குக் கடிதமே எழுதிப் போட்டார். நாற்பது பேரில் ஒருவர் எழுதினால் போதும் சார்.

* * *

எழுதாமல் விட்டால் என்ன நஷ்டம்? நஷ்டம் பேரில்தான் ஆரம்பிக்கும்.

இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் தானே பாட்டுக் கட்டிப் பாடியவர். தம்பிகள் கூடவே வாத்தியம் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர் கை பழகியது அந்த மேடைகளில். அந்தக் கச்சேரிகளைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் தம்பிகள் பிற்பாடு சொன்ன ஞாபகங்கள்தான். தம்பிகள் பிரபலமானதால் அண்ணன் பேர் தப்பித்தது. பிரபலமான தம்பி இல்லாத பாவலர்கள் எத்தனை பேரோ?

அது அந்தக் காலம் என்பீர்கள். 2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. சினிமாவில் வராத தமிழ்ப் பாட்டு, பட்டிதொட்டியெல்லாம் பாடியது. எழுதிக் கூடப் பாடியவர் அறிவு. எங்களைப் போலவே ஒரு ஜங்ஷன்காரர், அரக்கோணம். அந்த ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ பத்திரிகை அந்தப் பாட்டைப் பற்றிப் பேசி அட்டைப்படம் போட்டபோது அதில் அவர் இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார், ரசிகர்களும் கேட்டார்கள். பிறகு அறிவு படத்தோடு இணையத்தில் தனி அட்டை ஒன்று வந்தது. நாடே பாடிய பாட்டுக்கே இந்தக் கதி என்றால், நாலு தெரு கேட்ட பாட்டுக்கு?

சமீபத்தில் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் திருவிழாக் கச்சேரி. குழுவில் நாலே பேர். ஒருத்தன் செராமிக் படிக்கிறான், ஒருத்தன் மொபைல் கடை, இரண்டு பேர் கிடைத்த வேலை. பத்து சினிமாப் பாட்டுக்கு நடுவே, ஊர்ப் பெரியவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒரே ஒரு சொந்தப் பாட்டுக்குப் பர்மிஷன் வாங்கியிருந்தார்கள்.

பாடுகிற பையனின் அப்பா முப்பது வருஷம் பீங்கான் பட்டறைகளில் மண் அரைத்தவர். பீங்கானுக்குக் களிமண்ணோடு குவார்ட்ஸ் கல்லையும் பொடி பண்ணிக் கலப்பார்கள். அந்தத் தூள் கண்ணுக்குத் தெரியாமல் மூச்சோடு போய் நுரையீரலில் தங்கிவிட்டால் திரும்பி வராது. நெஞ்சு தழும்பேறி இறுகிவிடும். அதற்கு வைத்தியமும் கிடையாது. ராத்திரியெல்லாம் அப்பா இருமுவதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்த பையன், அந்த இருமலின் கதியையே தாளமாக வைத்துப் பாட்டுக் கட்டியிருந்தான். இரண்டு இருமல், ஒரு இடைவெளி. இரண்டு இருமல், ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில்தான் வார்த்தை.

என் முதுகில் யாரோ ஐஸ் வைத்த மாதிரி இருந்தது.

ஆனால் கூட்டத்தில் பாதிப் பேருக்கு வார்த்தை போய்ச் சேரவில்லை. ஸ்பீக்கரில் டிரம்ஸ் இரைந்தது. கீபோர்டு அந்த இடைவெளியை எல்லாம் அடைத்துவிட்டது. இரண்டாவது சரணத்தில் பின்னாலிருந்து, “போதும், குத்துப் பாட்டு போடுப்பா!” என்று சத்தம். முடித்தார்கள். அன்பளிப்பு வரவில்லை. அடுத்து ஒரு சினிமாப் பாட்டுக்கு இருநூறு ரூபாய்.

கச்சேரி முடிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தவனிடம் போனேன். எனக்கு முன்னால் நாலைந்து பேர் முதுகில் தட்டி, ‘சூப்பர்’ சொல்லிவிட்டுப் போனார்கள். நான் சொன்னேன்:

“தம்பி, உன் பாட்டுல அந்த இடைவெளிதான் உசிரு. அதுல கீபோர்டு வரவே கூடாது. இரண்டாவது சரணம் ஒரு வார்த்தைகூடக் காதுல விழல. மூணாவதுல நீ மைக்கை விட்டு கொஞ்சம் தள்ளி நின்னு பாடினே பாரு... அப்ப முன்வரிசையில ஒரு அம்மா அழுதாங்க. கவனிச்சியா?”

பையன் வயரைக் கீழே வைத்துவிட்டான். “அழுதாங்களாண்ணா? எந்தப் பக்கம்?”

“இடது பக்கம். பச்சைப் புடவை.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, “தையோட இதை விட்டுரலாம்னு பேசிட்டிருக்கோம்ணா. பாட்டு எப்படின்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க. நல்லாருக்குன்னா எது நல்லாருக்கு, இல்லைன்னா எது இல்லைன்னு தெரிஞ்சாதானே மேல பண்ண முடியும்?” என்றான். கீபோர்டுக்காரனைக் கூப்பிட்டு, “டேய், அண்ணன் சொல்றதைக் கேளு” என்றான். அங்கேயே, மேடைக்குப் பின்னால், பிளாஸ்டிக் சேரில் தாளம் போட்டுக்கொண்டு, அந்தப் பாட்டை மறுபடி ஒரு தடவை கீபோர்டு இல்லாமல் பாடினார்கள். கேட்டது நானும் மைக்செட்காரரும்தான். இருமல் பளிச்சென்று விழுந்தது.

தைக்கு அப்புறம் இந்தக் குழு இருக்குமா, இருக்காதா... எனக்குத் தெரியாது. வீட்டுக்கு மாசா மாசம் மாத்திரை வாங்க வேண்டிய பையன். ‘கலைக்காக உயிரைக் கொடு’ என்று அவனிடம் வசனம் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அவன் விடுவதாக இருந்தால் பணம் போதவில்லை என்று விடட்டும், உடம்பு முடியவில்லை என்று விடட்டும். யாரும் காதில் வாங்கவில்லை என்பதற்காக விடக்கூடாது. அந்தக் காரணத்தை மட்டுமாவது நம்மால் இல்லாமல் செய்ய முடியும்.

* * *

எப்படி? சொல்கிறேன். சங்கீத ஞானம் தேவையில்லை. என்னைப் பார்த்தாலே தெரியும்.

அடுத்த தடவை எங்கேயாவது சொந்தப் பாட்டுப் பாடுகிறவர்களைக் கேட்டால், வீட்டுக்கு வந்து பத்தே வரி எழுதுங்கள். தேதி, ஊர், இடம். பாடியவர் பேர் மட்டுமில்லை, வாசித்தவர்கள் பேரும். மிக்ஸரில் உட்கார்ந்திருந்தவர் பேரையும் கேட்டு வாங்குங்கள். (தின்கிற மிக்சர் இல்லை. இந்த மிக்ஸர் கெட்டால் பாட்டே நமுத்துவிடும்.) எது அவர்களுடைய சொந்தப் பாட்டு, அது எதைப் பற்றி. எந்த இடத்தில் உங்களுக்குச் சிலிர்த்தது. ஒரே ஒரு இடம் போதும். எந்த இடத்தில் கவனம் சிதறி வாட்சைப் பார்த்தீர்கள், அதையும் எழுதுங்கள். கூட்டம் எப்போது அமைதியானது, எப்போது எழுந்து போனது. ‘மாதிரி’ என்ற வார்த்தை வேண்டாம். அந்தப் பேண்ட் மாதிரி, இந்தப் பாடகர் மாதிரி எல்லாம் வேண்டவே வேண்டாம்.

எழுதியதை அவர்களுக்கே அனுப்புங்கள். உள்ளூர்ப் பத்திரிகை இருந்தால் அதற்கும். குறை எழுதினால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்படாதீர்கள். கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்டவன் சொல்கிற குறை யாருக்கும் கசக்காது. பாதியில் போனவன் கொடுக்கிற பாராட்டுதான் கசக்கும்.

சென்னைக்காரர்கள் மட்டும் செய்ய வேண்டிய காரியமில்லை இது. 2020 டிசம்பரில் நீலம் ஆரம்பித்த ‘மார்கழியில் மக்களிசை’ மேடை பிற்பாடு மதுரை, கோவை என்று வெளியூருக்கும் போயிற்று. அதற்கும் இப்பாலே, பேர் கிடைக்காத மேடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அங்கே ஒரு காது தேவை. முன்வரிசையில், இடது பக்கத்திலோ வலது பக்கத்திலோ.

ஜாடியைச் சுண்டிப் பார்க்க விரல் ஒன்று போதும். அது எல்லோரிடமும் இருக்கிறது.

இந்தக் கட்டுரை எப்படி என்று எனக்கும் நாலு வரி எழுதிப் போடுங்கள். எங்கே பிடித்தது, எங்கே கொட்டாவி வந்தது என்று சொன்னால் சந்தோஷம். ஒரே ஒரு வேண்டுகோள். அந்த நாலெழுத்து வார்த்தை மட்டும் வேண்டாம்!